கப்பல் மோட்டார்

முஸம்மில் அதை உரப்பையில் சுற்றி
ஏறாவூரிலிருந்து கொண்டுவந்தார்.
"கப்பல்ட மோட்டார் அக்கா,
கல்லடிக் கடலுக்கடியில கிடக்கிற கப்பல்ட.
பாசிக்குடா ஹோட்டல்காரன் அறுபது தாறானாம்.
கிறுகினா எண்பது."

தகட்டில் யாரோ பச்சை அடித்து
மறுகா அதன்மேல் சில்வர் அடித்திருந்தார்கள்.
பிளேட்டால் சுரண்டினேன்.
பெயர் போய்விட்டது, ஊர் போய்விட்டது.
ஆறிலொன்று என்ற எண் மட்டும் மிஞ்சியது.
ஆறிலொரு குதிரை
எந்தக் கப்பலை இழுத்திருக்கும்?

கேட்கவில்லை. கோட்டைமுனையில் கடை வைத்த
பதினெட்டு வருசத்தில் படித்தது ஒன்றுதான்:
மூடியைக் கழற்றும்வரை வாயைக் கழற்றாதே.
நெல் மில் மோட்டார் உமி கொட்டும்.
ஐஸ் வாடி மோட்டாரில் செதில் ஒட்டியிருக்கும்.
ஒருமுறை புளியந்தீவுச் சலூன் ஒன்றின் காற்றாடிக்குள்
ஊர் ஆம்பிளையளின் தலைமயிர் முழுக்க இருந்தது.

இதற்குக் கடல் தெரியாது.
கடல் தொட்ட பித்தளை பச்சை பூக்கும்;
இதன் எண்ணெய்க் கிண்ணம்
காதுத்தோடுபோல் மஞ்சளாய் இருந்தது.
சாவிக்குழி இல்லை, ஆகவே புல்லி பூட்டியதில்லை.
பெல்ற் தேய்த்த தழும்பும் இல்லை.
காலுக்கடியில் நான்கு துண்டு கம்பளி:
மேசையில் இருந்திருக்கிறது,
சத்தம் போடாதே என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

தண்டு இரண்டு பக்கமும் நீட்டி நின்றது.
இரண்டு முனையும் கூம்பு.
வலதில் வலப்புரி, இடதில் இடப்புரி.
எதை மாட்டினாலும்
கிறுகக் கிறுகத் தானே இறுகும்.
இதைச் செய்தவனுக்கு ஒரு கும்பிடு.

"தையல் மெஷின்," என்றான் என் பெடியன் பற்குணம்.
"படம் காட்டுற மெஷின். இல்லாட்டி ஐஸ்கிரீம்."
பெயரிலேயே பல்லை வைத்துக்கொண்டு
அவனும் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

நூல் சுற்றிய பழைய கம்பி. அதன் இடுக்கில்
ரோசாநிறத் தூள்.
செங்கல்லா? குங்குமமா? நாக்கில் வைக்கப் பயம்.
பற்றுக்கோலின் நுனியில் ஒரு சிட்டிகை சுட்டேன்.
ரயர் எரிகிற வாசம்.
அந்த வாசத்தை எனக்கு வேறோர் இடத்தில் தெரியும்,
அதை இதற்குள் எழுதமாட்டேன்.

ஆஸ்பத்திரி வீதியில் பல் கட்டும் அருள்சீலன்
தன் சின்ன மோட்டாரை எடுக்க வந்தவர்,
தூளைப் பார்த்தார், முனையைப் பார்த்தார்,
ஒன்றும் பேசாமல் பையிலிருந்த
துணிச்சக்கரத்தை எடுத்துத் திருகினார்.
எத்தனையோ வருசம் காத்திருந்ததுபோல் அது ஏறியது.

"றப்பர். முந்தி முரசு றப்பரிலதான்.
அவிச்சு, அராவி, இதில வச்சு மினுக்குறது."

முஸம்மிலின் கை தன் வாய்க்குப் போனது.
"பல்லா?" என்றார். "பொய்ப் பல்லா?"

கரண்ட் கொடுத்தோம்.
முதலில் தும்மியது. பிறகு
பக்கத்து அறையில் யாரோ மூக்கால் பாடுவதுபோல்
மெல்லக் கிறுகியது.
நாலு பேரும் சுற்றி நின்றோம்,
ஏனோ நாலு பேரும் வாயை மூடிக்கொண்டு.

டச்பாரில் பூட்டிக் கிடந்த வீட்டின்
பின்கொட்டிலில் எடுத்தது என்று
அப்போதுதான் ஒத்துக்கொண்டார்.
அங்கே யார் இருந்து மினுக்கினார்கள்,
யாருடைய கலியாணப் படத்தில் அந்தச் சிரிப்பு இருக்கிறது,
எந்தச் சவக்காலை மண்ணுக்குள்
இப்போதும் தேயாமல் மினுங்கிக்கொண்டிருக்கிறது,
அதை மோட்டார் சொல்லாது.

"அக்கா, ஹோட்டலுக்குப் பல்லை விக்க ஏலுமா?
பில்லில கப்பல் எண்டு போடுங்க."
"பழைய மோட்டார் ஒன்று, பழுதுபார்த்தது,"
என்று எழுதினேன். அதற்குமேல் பேனா போகவில்லை.
அவர் அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.
கப்பலை வாசலிலேயே
மறுபடி உரப்பையில் கட்டினார்.

எண்ணெய் விட்டேன், புது வயர் போட்டேன்,
தூளை மட்டும் ஊதவில்லை.
ஒருநாள் எவனாவது மூடியைக் கழற்றுவான்.